"செத்த கேம்" என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

கடலோரன் (இழையைத் தொடங்கியவர்) | வெள்ளி, இரவு 9:12

வணக்கம் நண்பர்களே. கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் மூன்று பேர், நாலு வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடியும் சேர்ந்து ஒரு எம்எம்ஓ (ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் சேர்ந்து விளையாடும் இணைய கேம்) விளையாடலாம் என்று இருக்கிறோம். ஒருவன் சென்னையில், ஒருத்தி கோவையில், நான் தூத்துக்குடியில். ஃபைனல் ஃபேண்டஸி 14 என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஆனால் சென்னைக்காரன் நேற்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையின் ஆட்டக்காரர் எண்ணிக்கை வரைபடம் ஒன்றைப் போட்டு, "கோடு கீழே போகிறது பார், இது செத்த கேம், இதற்குப் போய் மாதச் சந்தா கட்டுவதா?" என்கிறான்.

எனக்கு அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கோடு எதைக் காட்டுகிறது? ஒரு கேமில் ஆள் இருக்கிறார்களா என்பதைக் காசு கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா? ஏற்கெனவே ஒரு தடவை பட்டுவிட்டோம். 2021இல் மூவரும் ஆளுக்கு 800 ரூபாய் போட்டு ஒரு சின்ன ஷூட்டர் வாங்கினோம், பெயர் வேண்டாம். மூன்றாவது வாரத்திலேயே மேட்ச் கிடைக்காமல் லாபியில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தோம். மறுபடியும் அப்படி ஆகிவிடக் கூடாது.

பழைய ரெய்டர் | வெள்ளி, இரவு 9:40

ஸ்டீம் கோடு எண்ணுவது ஒரே ஒரு விஷயத்தைத்தான் தம்பி. அந்த நேரத்தில் ஸ்டீம் வழியாக அந்த கேமைத் திறந்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், அவ்வளவுதான். ஃபைனல் ஃபேண்டஸி 14இல் ப்ளேஸ்டேஷன் ஆட்கள் இருக்கிறார்கள், 2024 மார்ச்சிலிருந்து எக்ஸ்பாக்ஸ் ஆட்களும் இருக்கிறார்கள். கம்பெனியின் சொந்தக் கடையில் வாங்கி ஸ்டீம் இல்லாமலே விளையாடுகிறவர்களும் நிறைய. இவர்கள் யாரும் அந்தக் கோட்டில் வரமாட்டார்கள்.

நான் 2008இலிருந்து வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற எம்எம்ஓவின் ஆள். எண்ணிக்கை பற்றிய சண்டைகளை அந்த கேமில் பார்த்த அளவுக்கு வேறெங்கும் பார்த்ததில்லை. அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சந்தாதாரர் எண்ணிக்கையைக் கம்பெனியே வெளியிடும். 2010 அக்டோபரில் 1.2 கோடி, அதுதான் உச்சம். 2014 நவம்பரில் வார்லார்ட்ஸ் ஆஃப் ட்ரேனார் என்ற விரிவாக்கம் (பழைய கேமோடு சேரும் பெரிய புதுப் பகுதி) வந்தபோது மறுபடி ஒரு கோடியைத் தாண்டியது. அடுத்த மார்ச் முடிவில் 71 லட்சம். அதே ஆண்டு நவம்பரில் 55 லட்சம் என்று அறிவித்தார்கள், இனி சந்தா எண்ணிக்கையை வெளியிடமாட்டோம் என்றும் கூடவே சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் கில்ட் (நிரந்தர ஆட்டக்குழு) சாட்டில் "கதை முடிந்தது" என்று எழுதாத ஆள் இல்லை.

அது நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் இன்னும் ரெய்டு (கூட்டமாகச் சேர்ந்து பெரிய எதிரியோடு மோதுவது) போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

ராயல்பாஸ் | வெள்ளி, இரவு 9:58

அண்ணா, கீழே போகிறது என்பது வேறு, ஆள் இல்லை என்பது வேறு. பப்ஜி 2018 ஜனவரியில் ஸ்டீமில் ஒரே நேரத்தில் 32 லட்சத்தைத் தாண்டியது. அந்த உயரத்தை அது மறுபடி தொடவே இல்லை. ஆனால் இன்றும் ஸ்டீமில் அதிகம் பேர் விளையாடும் கேம்களில் அதுவும் ஒன்று.

சர்வர் பக்கம் | வெள்ளி, இரவு 10:31

நான் மொபைல் கேம்களுக்கு பேக்எண்ட் (சர்வரில் ஓடும் நிரல்) எழுதுகிறேன். இந்த எண்களை உள்ளேயிருந்து தினமும் பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேமுக்கு "எத்தனை பேர்" என்று கேட்டால் குறைந்தது நாலு பதில் உண்டு. பதிவு செய்த கணக்குகள், மாதத்தில் ஒரு தடவையாவது வந்தவர்கள், ஒரு நாளில் வந்தவர்கள், இந்த நொடியில் உள்ளே இருப்பவர்கள். கம்பெனி விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் முதல் எண்ணைத்தான், ஏனென்றால் அது குறையவே குறையாது. பத்து வருடத்துக்கு முன் ஒரு கணக்கு திறந்துவிட்டுப் போனவரும் அதில் இருப்பார். 2021இல் ஃபைனல் ஃபேண்டஸி 14க்கு 2.4 கோடி பேர் என்று செய்தி வந்ததே, அது இந்த வகைதான். இலவச ட்ரையல் கணக்குகளும் அதில் அடக்கம். அதையும் வார்கிராஃப்டின் 1.2 கோடிச் சந்தாவையும் பக்கத்தில் வைத்து, "பார், இரண்டு மடங்கு" என்று சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மாதா மாதம் காசு கட்டியவர்களின் கணக்கு, இது வாசலில் பெயர் எழுதியவர்களின் கணக்கு. இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

கணக்கு வேறு, மனிதர் வேறு என்பதும் ஒன்று. ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேமில் உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சர்வரில்தான் விளையாடுகிறது, பெயர் ட்ரான்க்விலிட்டி. 2013 மே மாதம் அதில் ஒரே நேரத்தில் 65,303 கணக்குகள் இருந்தன. அது 65,303 மனிதர்கள் இல்லை. ஒரே ஆள் மூன்று நாலு கப்பலை மூன்று நாலு கணக்கில் ஓட்டுவது அந்த கேமில் சர்வ சாதாரணம். டீம் ஃபோர்ட்ரெஸ் 2இல் இன்னும் மோசம், பொருள் சேர்க்க ஓடும் பாட்களும் (ஆளில்லாமல் தானே விளையாடும் நிரல்கள்) மேட்சைக் கெடுக்க வரும் பாட்களும் ஸ்டீம் எண்ணிக்கையை ஊதிவிட்டன. 2024 ஜூனில் ஆட்டக்காரர்கள் பெரிய இயக்கமே நடத்திய பிறகுதான் அந்த கேமையும் ஸ்டீமையும் நடத்தும் வால்வ் நிறுவனம் அவற்றைக் கூட்டம் கூட்டமாகத் தடை செய்தது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ஸ்டீமில் இல்லாத கேமுக்கும் "நேரலை ஆட்டக்காரர் எண்ணிக்கை" என்று தளங்கள் எண்ணைக் காட்டும். கம்பெனி எண்ணைக் கொடுக்கவில்லை என்றால் அவர்களுக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கும்? ஏதோ ஒரு சூத்திரத்தில் போட்டுக் காட்டுகிறார்கள். அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

மட்டுநகர் | வெள்ளி, இரவு 11:05

எனக்கு உலகத்தில் எத்தனை பேர் என்பது தேவையே இல்லை. நான் வேலை முடித்து வந்து உட்காரும் நேரத்தில், எனக்குக் கிட்ட உள்ள சர்வரில் எத்தனை பேர் என்பதுதான் தேவை.

நான் மட்டக்களப்பில் இருந்து கவுண்டர்-ஸ்ட்ரைக் விளையாடுகிறேன். வால்வுக்குச் சென்னையிலும் மும்பையிலும் சர்வர் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் சென்னை எனக்கு அடுத்த வீடு மாதிரி. ஆனால் என் வீட்டு இணைப்பு சிங்கப்பூரைச் சுற்றித்தான் போகிறது, அதனால் பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) சிங்கப்பூருக்குத்தான் குறைவு. சிங்கப்பூரில் இரவு பன்னிரண்டு மணிக்கு எனக்கு ஒன்பதரை. அவர்கள் படுக்கப் போகும்போது நான் தொடங்குகிறேன். ஒரு கேமின் எண்ணிக்கை லட்சத்தில் இருந்தாலும், எனக்கு அது பத்து மணிக்குப் பிறகு மூடிய கடைத்தெருதான்.

கடலோரன், நீங்கள் எந்த சர்வருக்குப் போகப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

பழைய ரெய்டர் | வெள்ளி, இரவு 11:20

மட்டுநகர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஐரோப்பிய கில்டில் ரெய்டு அவர்களுக்கு இரவு 8 மணிக்கு என்றால் நமக்குக் கோடையில் 11:30, குளிர்காலத்தில் 12:30. நான் இத்தனை வருடம் விடிய விடிய விளையாடியதற்கு அதுதான் காரணம்.

ராயல்பாஸ் | சனி, காலை 8:15

நம் ஊரில் ஆள் எண்ணிக்கை என்றால் பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு) கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளுக்குத் தடை வந்தது. அக்டோபர் 30 அன்று சர்வரும் நின்றது. சலித்துப்போய் யாரும் போகவில்லை, கதவைச் சாத்திவிட்டார்கள். எங்கள் தெருவில் நாலு பேர் ஸ்க்வாட், தினமும் இரவு ஒன்பது மணிக்கு. அன்றோடு அந்த ஒன்பது மணி போய்விட்டது. 2021 ஜூலை 2இல் பிஜிஎம்ஐ வந்தபோது நாலு பேரும் திரும்பி வந்தோம், பழைய கணக்கையும் மாற்றிக்கொண்டோம்.

அடுத்தது இன்னும் விசித்திரம். 2022 ஜூலை 28இல் ஆப் கடைகளிலிருந்து பிஜிஎம்ஐயை எடுத்துவிட்டார்கள். ஆனால் போனில் ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு அது ஓடிக்கொண்டே இருந்தது. கிட்டத்தட்ட பத்து மாதம், புதிதாக ஒருவரும் வர முடியாத கேம். அப்போதும் மேட்ச் கிடைத்தது. 2023 மே மாதம் திரும்பியபோது பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள்.

இன்னொன்று. இந்த வகை கேம்களில் கீழ் ரேங்கில் லாபியை பாட் வைத்து நிரப்புகிறார்கள். நூறு பேர் குதிக்கிறார்கள், அதில் எத்தனை பேர் மனிதர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் "மேட்ச் உடனே கிடைக்கிறது, ஆள் நிறைய" என்ற கணக்கும் அங்கே செல்லாது.

விதைநெல் | சனி, காலை 10:02

எல்லாரும் எண்ணிக்கை முக்கியமில்லை என்ற பக்கமே போகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கான்கார்ட் என்ற ஷூட்டரின் கதை நினைவிருக்கிறதா? 2024 ஆகஸ்ட் 23இல் வந்தது. ஸ்டீமில் அதன் உச்சமே 697 பேர். செப்டம்பர் 6இல் மூடி, எல்லாருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். பதினான்கு நாள். அங்கே எண் உண்மையைத்தான் சொன்னது.

சர்வர் பக்கம் | சனி, காலை 11:26

விதைநெல், நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. எந்த வகை கேம் என்பதைப் பொறுத்து எண்ணின் எடை மாறும், அதைத்தான் சொல்ல வந்தேன்.

மேட்ச் வைத்து ஓடும் கேமில் என்ன நடக்கிறது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு. ஒரே நேரத்தில் 10,000 பேர் இருக்கிறார்கள். கேட்க நல்ல கூட்டம். ஐந்து பிராந்தியமாகப் பிரியுங்கள், 2,000. நாலு மோட் (ஆட்ட வகை), 500. ரேங்கை மூன்று அடுக்காகப் பிரித்தால் 166. இந்த 166 பேரில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒரு மேட்சுக்குள் இருப்பார்கள். மேட்ச் 30 நிமிடம், காத்திருப்பு 3 நிமிடம் என்றால், இந்த நொடியில் க்யூவில் நிற்பவர்கள் சுமார் 15 பேர். ஐந்துக்கு ஐந்து மேட்சுக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்தாயிரம் பேர் உள்ள கேம் விளிம்பில் நிற்பது இப்படித்தான்.

அந்தப் பதினைந்து ஒன்பதானால் என்ன ஆகும்? க்யூ நீளும், அல்லது ரேங்க் வித்தியாசத்தைத் தளர்த்திப் புதியவரைப் பழம்பெருச்சாளியோடு மோத விடுவோம். இரண்டிலும் ஆள் போவார்கள். போனதால் க்யூ இன்னும் நீளும். கடலோரனின் 800 ரூபாய் ஷூட்டர் இந்தக் குழியில்தான் விழுந்திருக்கும். புதிது புதிதாக மோட் சேர்ப்பது ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்கும், ஆனால் சின்ன கேமில் ஒவ்வொரு மோடும் இருக்கிற கூட்டத்தை இன்னும் துண்டு போடுகிறது. அலுவலகத்தில் இதற்காக நான் எத்தனையோ கூட்டங்களில் மன்றாடியிருக்கிறேன்.

எம்எம்ஓவில் வேறு மாதிரி. அங்கே கூட்டத்தைச் சேர்த்து வைக்கக் கருவிகள் இருக்கின்றன. கில்ட் வார்ஸ் 2 இதற்கு நல்ல உதாரணம். 2014இல் மெகாசர்வர் முறை கொண்டுவந்து, சர்வருக்கு ஒரு வரைபடம் என்பதை விட்டுவிட்டு, எந்த சர்வர்காரராக இருந்தாலும் ஒரே வரைபடத்தில் கொட்டினார்கள். காலியாகக் கிடந்த காடுகளில் ஆள் நடமாட்டம். கேமில் ஒரு ஆள்கூடக் கூடவில்லை, இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நள்ளிரவு ஹீலர் | சனி, மாலை 4:48

கடலோரனின் கேள்விக்கு நேரடியாகவே வருகிறேன். ஃபைனல் ஃபேண்டஸி 14இல் ஆறு வருடமாக இருக்கிறேன், பெங்களூரிலிருந்து.

இந்த கேம் ஒரு தடவை நிஜமாகவே செத்தது. 2010 செப்டம்பரில் முதல் பதிப்பு வந்தது, படு தோல்வி. நவோகி யோஷிதா தயாரிப்பாளராகப் பொறுப்பேற்று, 2012 நவம்பரில் அந்த உலகத்தின் மேல் ஒரு நிலவை விழவைத்து சர்வரை மூடினார்கள். 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டிய கேம் வந்தது. 2021 டிசம்பரில் எண்ட்வாக்கர் என்ற விரிவாக்கம் வந்தபோது நேர் எதிர்ப் பிரச்சினை: கூட்டம் தாங்காமல் கேமை விற்பதையே நிறுத்தினார்கள், 2022 ஜனவரி 25 வரை. சந்தாதாரர்களுக்கு மொத்தம் மூன்று வாரம் இலவச நேரமும் கொடுத்தார்கள். அந்த மாதம் நான் அலுவலகத்திலிருந்து கிளம்பும் முன்பே வீட்டுக் கணினியில் லாகின் க்யூ போடச் சொல்லித் தம்பிக்குப் போன் செய்வேன்.

இப்போது கோடு ஏன் கீழே போகிறது? இந்த கேமில் விரிவாக்கம் வந்தால் எல்லாரும் வருவார்கள், கதையை முடிப்பார்கள், சந்தாவை நிறுத்துவார்கள். அடுத்த பேட்சுக்கு (புதுப்பிப்புக்கு) மறுபடி வருவார்கள். வேறு கேமும் விளையாடிவிட்டு வாருங்கள் என்று யோஷிதாவே வெளிப்படையாகச் சொல்லி வருகிறார். கோவில் திருவிழாக் கூட்டத்தை எண்ணிவிட்டு, சாதாரண செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் ஊரே காலியானது போல்தான் தெரியும்.

புதியவருக்குத் துணை கிடைக்குமா என்பதுதான் முக்கியம். அதற்கு இங்கே ரூலெட் என்று ஒன்று இருக்கிறது. என்னைப் போல் பழைய ஆளுக்குத் தினசரிப் பரிசு வேண்டுமென்றால், கேம் எந்த டன்ஜனில் (நாலு பேர் சேர்ந்து முடிக்கும் கட்டம்) தள்ளுகிறதோ அதில் போகவேண்டும். அது பெரும்பாலும் உங்களைப் போல் இன்றைக்குத்தான் அந்த இடத்துக்கு வந்த ஒருவருடைய டன்ஜனாக இருக்கும். டேங்க் (எதிரியின் அடியைத் தாங்குபவர்) குறைவாக இருந்தால் டேங்காக வருபவருக்குக் கூடுதல் பரிசு, ஹீலர் (குழுவின் காயம் ஆற்றுபவர்) குறைந்தால் ஹீலருக்கு. பத்து வருடப் பழைய டன்ஜனுக்கும் இன்றிரவு ஆள் கிடைப்பது இதனால்தான். அப்படியும் ஆள் இல்லையென்றால், கதைக்கு அவசியமான டன்ஜன்களில் கணினிப் பாத்திரங்களையே கூட்டிக்கொண்டு போகலாம்.

சர்வருக்கு வருவோம். இந்தியாவில் இல்லை. ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, 2022 ஜனவரியிலிருந்து ஓசியானியா. ஓசியானியாவில் நம் இரவு ஒன்பது மணி அவர்களுக்கு நள்ளிரவைத் தாண்டிவிடும். ஐரோப்பாவில் அது மாலை நேரம், அப்போதுதான் கூட்டம் ஏறத் தொடங்கும். என் ஓட்டு ஐரோப்பாவுக்கு. பிங் கொஞ்சம் கூடும், கதை டன்ஜன்களுக்கு அது போதும்.

காசு கட்டாதீர்கள், இலவச ட்ரையலில் தொடங்குங்கள். 70ஆம் லெவல் வரை கால வரம்பே இல்லை. கில்டில் சேர முடியாது, இன்னும் சில கட்டுப்பாடுகள் உண்டு, ஆனால் ஆள் இருக்கிறார்களா என்று பார்க்க அது போதும். லிம்சா லொமின்சா ஊர்ச் சதுக்கத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அங்கே எப்போதும் ஜன நெரிசல்தான், பாதிப் பேர் சும்மா நிற்பவர்கள். குழுவுக்கு ஆள் தேடும் பார்ட்டி ஃபைண்டர் பலகையைத் திறந்து, நீங்கள் விளையாடப் போகும் அதே நேரத்தில் எத்தனை அழைப்புகள் இருக்கின்றன என்று பாருங்கள்.

மட்டுநகர் | சனி, மாலை 5:10

அருமையாக விளங்கியது அக்கா. ட்ரையலை இன்றைக்கே நானும் பதிவிறக்குகிறேன்.

பாரகன் நகரம் | சனி, இரவு 7:35

டொரன்டோவிலிருந்து. எனக்கு இங்கே காலை. எல்லாவற்றையும் படித்தேன். ஆள் குறைந்தால் கேம் சாகும் என்பதை வைத்தே பேசுகிறோம். ஆள் இருக்கும்போதே மூடிய கேமில் இருந்தவன் நான்.

சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற எம்எம்ஓ. 2004 ஏப்ரலில் தொடங்கியது. கனடாவுக்கு வந்த புதிதில் எனக்கு இங்கே யாரையும் தெரியாது, பனிக்காலத்து இரவுகள் முழுக்க அந்த நகரத்தில்தான் கழிந்தன. மூடப்போகிறோம் என்று 2012 ஆகஸ்ட் கடைசியில் அறிவித்தார்கள். அதற்கு எதிராக நாங்கள் கேமுக்குள் அட்லஸ் பார்க்கில் கையில் தீப்பந்தத்தோடு கூடி நின்றோம், ஒரு வரைபடத்தில் இடம் போதாமல் அடுத்தடுத்த நகல்கள் திறந்துகொண்டே போயின. ஒன்றும் நடக்கவில்லை. நவம்பர் 30 இரவு இணைப்பு அறுந்தது.

2019இல் வெளிவந்த செய்தி என்ன தெரியுமா? சிலர் அந்த கேமை ரகசியமாக ஒரு தனியார் சர்வரில் வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சொல்லாமல் மறைத்ததில் எனக்குப் பெரிய கோபம், இன்றும் முழுவதும் தீரவில்லை. ஆனால் அதிலிருந்துதான் ஹோம்கமிங் என்ற ரசிகர் சர்வர் வந்தது. 2024 ஜனவரியில் கேமின் உரிமையாளரான என்சிசாஃப்ட் அவர்களுக்கு முறையான உரிமமே கொடுத்தது. சர்வர் செலவுக்கு வேண்டிய நன்கொடை சேர்ந்ததும் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். கோடிக்கணக்கில் ஆள் இல்லை. எனக்கு இரவு எட்டு மணிக்கு எட்டுப் பேர் குழு சேர்கிறது. கம்பெனிக்கு அந்த எண் போதாமல் இருக்கலாம், எங்களுக்குப் போதும்.

பழைய ரெய்டர் | சனி, இரவு 8:02

இதே கதை வார்கிராஃப்டிலும் உண்டு. நாஸ்டால்ரியஸ் என்ற தனியார் சர்வரில் பழைய பதிப்பை ஓட்டினார்கள். 2016 ஏப்ரலில் வார்கிராஃப்டை நடத்தும் ப்ளிஸார்டின் வக்கீல் கடிதத்தால் மூடினார்கள். அதே பழைய பதிப்பை 2019 ஆகஸ்டில் கம்பெனியே கிளாசிக் என்று வெளியிட்டது, முதல் நாள் பல மணி நேர க்யூ. ரூன்ஸ்கேப்பும் அப்படித்தான். 2007ஆம் ஆண்டுப் பிரதியை எடுத்து 2013 பிப்ரவரியில் ஓல்ட் ஸ்கூல் என்று திறந்தார்கள். புதிய அம்சங்களைப் பெரும்பாலும் ஆட்டக்காரர் வாக்கெடுப்புக்கு விட்டே சேர்த்தார்கள். 2025இல் அதில் ஒரே நேரத்தில் 2 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். திறந்து பன்னிரண்டு வருடம் கழித்து.

விதைநெல் | சனி, இரவு 8:20

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாரகன் நகரம் சொன்னது எல்லா கேமுக்கும் வாய்க்காது. 2024 மார்ச் 31இல் தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வரை மூடியபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாகக்கூட ஓட்ட முடியாமல் போனது. அதிலிருந்துதான் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம் தொடங்கியது. ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. ஆள் இருக்கிறார்களா என்று பார்ப்பதோடு, மூடினால் நம் கையில் என்ன மிஞ்சும் என்றும் பார்த்துவிட்டுக் காசைப் போடுங்கள்.

கடலோரன் | ஞாயிறு, இரவு 11:47

எல்லாருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் மூவரும் ட்ரையலில் ஐரோப்பிய சர்வரில் இருந்தோம். நேற்று ஒன்பதரைக்குப் பலகையைத் திறந்தபோது நாலு பக்கத்துக்கு அழைப்புகள் இருந்தன, பதினொன்றுக்கு இன்னும் கூடியிருந்தன. முதல் டன்ஜனுக்கு நாலு பேர் வேண்டும், மூவரும் ஒரே நேரத்தில் க்யூ போட்டோம். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், மூன்று நிமிடம் இருபது நொடி. வந்தவர் ஒரு பழைய டேங்க். எங்களுக்கு வழி தெரியாது என்று புரிந்ததும் ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நின்று, நாங்கள் சுற்றிப் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

சென்னைக்காரன் அந்த வரைபடத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. புதன் இரவு பத்து மணிக்கு அடுத்த டன்ஜன். இந்தத் தடவை ட்ரையலில் மட்டுநகரும் இருக்கிறார், அவர் டேங்க் என்கிறார். கோவைக்காரிக்கு அன்று வேலை, அதனால் ஹீலர் இடம் காலி.

நள்ளிரவு ஹீலர் | ஞாயிறு, இரவு 11:52

அந்த இடத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். பத்து மணிக்கு வந்துவிடுகிறேன்.